வேலை முடிந்தது, பணம் எப்போது வரும்?

திருமணத்தைப் படமெடுப்பது, கடைகளின் இன்ஸ்டகிராம் பக்கத்துக்குப் போஸ்டர் வடிவமைப்பது, காணொளி தொகுப்பது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்துவது, மேடையில் நெறியாளராக நிற்பது எனப் படிக்கும்போதே சம்பாதிக்கும் மாணவர்கள் சிங்கப்பூரில் பலர் உண்டு. இவர்களுக்கு நிரந்தர முதலாளி கிடையாது. வேலைக்கு வேலை ஆள் மாறுவார். பட்டம் பெற்ற பிறகும் தன்னுரிமைத் தொழிலராகவே தொடர விரும்பும் இளையர்களும் இருக்கிறார்கள்.

இவர்களின் கைப்பேசியைத் திறந்து பார்த்தால் கேன்வா, கேப்கட், சாட்ஜிபிடி எல்லாம் இருக்கும். எல்லாமே வேலையைச் செய்து முடிக்க உதவும் செயலிகள். தொழிலை நடத்த உதவுவது ஒன்றும் இருக்காது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது மனக்கணக்கில் இருக்கும். ஒப்புக்கொண்ட தொகையோ மூன்று மாதத்துக்கு முந்திய வாட்ஸ்அப் குரல்பதிவு ஒன்றில் புதைந்து கிடக்கும்.

நம் சமூகத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்: அப்பாவின் நண்பர், கோயிலில் பழக்கமான அக்கா, ஏதோ ஒரு வகையில் மாமா முறை. “தம்பி, நம்ம வீட்டுக் கல்யாணம், பார்த்துச் செய்” என்பார். ‘பார்த்துச் செய்’ என்றால் எத்தனை வெள்ளி என்று எந்த அகராதியிலும் இல்லை. கல்யாணம் முடியும், காணொளி போய்ச் சேரும், “அந்தப் பாட்டை மட்டும் மாற்றிக் கொடு” என்று மூன்று முறை திரும்பி வரும். பணத்தைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வராது. “அங்கிள்கிட்ட போய் காசு கேட்பியா?” என்று அம்மாவும் தடுப்பார்.

இந்த இடத்தில்தான் ஒரு சாதாரண இன்வாய்ஸ் கைகொடுக்கிறது. நேரில் கேட்டால் அது கடன் வசூல்போல் ஆகிவிடும். எண்ணிட்ட ஒரு பிடிஎஃப் தாளாகப் போனால் அது தொழில் நடைமுறை. இலவச வார்ப்புருக்கள் இணையத்தில் ஏராளம். பணம் தரவேண்டிய தேதியை கூகல் காலண்டரில் குறித்து, இரண்டு நாளுக்கு முன் நினைவூட்டும்படி வைத்துவிடலாம். “அங்கிள், இன்வாய்ஸ் 014-க்கான தேதி நாளை மறுநாள், பேநவ் எண் அதிலேயே இருக்கிறது” என்று அனுப்பினால் யாரும் முகம் சுளிக்க இடமில்லை. தாமதிக்கும் பெரியவர்களில் பலர் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர், மறந்துபோனவர்கள்.

அதற்கும் முன்னால், வேலையைத் தொடங்குமுன்பே எழுத்தில் ஒப்புக்கொள்வது மேல். சுயதொழில் செய்வோரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனங்களுக்கென ஒரு முத்தரப்புத் தரநிலை 2018ஆம் ஆண்டில் வெளியானது. யார் யாருக்கிடையே ஒப்பந்தம், என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் பணம், பாதியில் மாற்றம் வந்தால் என்ன செய்வது, தகராறு வந்தால் எங்கே போவது என்பவை எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது அது. நிறுவனங்கள் விரும்பி ஏற்கும் தரநிலைதான், கட்டாயமில்லை. ஆனாலும் மாமாவுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு அந்த வரிசையே போதும். அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டால் அதுவும் ஆதாரம்தான். இலவசத் திருத்தம் இரண்டு முறை மட்டும் என்ற வரியை மறக்காமல் சேருங்கள்.

அப்படியும் பணம் வராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு இணையம் வழியாகவே கொண்டுசெல்லலாம். இரு தரப்பும் சம்மதித்தால் வரம்பு 30,000 வெள்ளி. அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. பேசுவது உங்கள் கையில் உள்ள செய்திகளும் ரசீதுகளும்தான். இரண்டு ஆண்டுக்குள் செல்லவேண்டும் என்பதால் பழைய உரையாடல்களை அழிக்காதீர்கள்.

கணக்குக்கு மாதச் சந்தா கட்டும் மென்பொருள் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. கூகல் ஷீட்ஸ் போதும். தேதி, வாடிக்கையாளர், தொகை, வந்ததா இல்லையா, செலவு என்பவற்றோடு எத்தனை மணிநேரம் உழைத்தோம் என்று ஒரு பத்தியும் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். 600 வெள்ளிக்கு ஒரு திருமணக் காணொளி என்று வைத்துக்கொள்வோம். படமெடுக்க 10 மணிநேரம், தொகுக்க 22, திருத்தங்களுக்கு 8 என்றால் மொத்தம் 40. மணிக்கு 15 வெள்ளி. கேமரா வாடகை 120 வெள்ளியைக் கழித்தால் 12. அடுத்த முறை எவ்வளவு கேட்பது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

செலவு ரசீதைக் கையோடு படமெடுத்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரி விதிக்கத்தக்க வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை என்பதால் நமக்கென்ன என்று மாணவர்கள் இருந்துவிடுகிறார்கள். ஆனால் சுயதொழிலில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினாலே மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்தவேண்டும். நிகரம் என்பது தொழிலுக்காகச் செய்த செலவு போக மிஞ்சுவது. ரசீது இல்லாத செலவை நிரூபிப்பது கடினம். தொழில் தொடர்பான பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. தொலைந்துபோகும் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது. மேகக் கோப்பகத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

தொழில் வருமானத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு ஒன்று இருந்தால் சாப்பாட்டுச் செலவும் சம்பாத்தியமும் கலக்காது. ஆனால் அந்தக் கணக்கை வேறு யாரும் பயன்படுத்த விடாதீர்கள். முகம் தெரியாத ‘வாடிக்கையாளர்’ ஒருவர் கேட்டதைவிட அதிகம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மீதியை இன்னொருவருக்கு மாற்றிவிடச் சொன்னால் அது வேலை வாய்ப்பு இல்லை. வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ மோசடிக்காரர்களுக்குக் கொடுத்து உதவியவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பணத்தைத் தொடாமல் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேளுங்கள்.