குடுவைச் செடியும் அதன் சுற்றமும்

இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி ஒரே இனம்தான். நெப்பந்திஸ் காசியானா என்னும் அது மேகாலயாவின் காசி, ஜெயந்தியா, காரோ மலைகளில் வளர்கிறது. தமிழகத்தில் குடுவைச் செடி இல்லை. தமிழகத்துக்கு மேகாலயாவைவிடப் பக்கத்தில் இருப்பது இலங்கையின் நெப்பந்திஸ் டிஸ்டிலடோரியா. தீவின் தென்மேற்கு ஈர மண்டலத்தில், காட்டோரங்களிலும் சதுப்பான வெட்டவெளிகளிலும் படரும் இந்தக் கொடி வேறெந்த நாட்டிலும் வளர்வதில்லை. 1753-ல் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டினார். நெப்பந்திஸ் பேரினத்துக்கு மாதிரி இனமும் இதுவே. பேரினத்தில் 160-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் ஆகியவை அதன் தலைமையிடங்கள். மேற்கு எல்லை மடகாஸ்கர்.

இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனை உப்பிக் குடுவையாகிறது. மூடி திறக்கும் முன்பே உள்ளே நீர் சுரந்துவிடும். திறந்த பின் மூடி மழைநீர் நிறையாமல் காக்கிறது. விளிம்பில் தேன் ஊறுகிறது. விளிம்பு நனைந்திருக்கும்போது எறும்பின் கால் அதில் நிற்காது. பல இனங்களில் உட்சுவரின் மேற்பகுதியில் மெழுகு படிந்திருப்பதால் விழுந்தது ஏறி வர முடியாது. அடியில் உள்ள சுரப்பிகள் நொதிகளால் பூச்சியைச் செரித்துத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. சத்தில்லாத மண்ணில் வேர் தேடித் தராததை இப்படி இலை ஈட்டுகிறது. எல்லா இனங்களும் பூச்சியை மட்டுமே நம்புவதில்லை. ஆம்புல்லேரியா என்னும் இனம் காட்டில் உதிரும் சருகையும், லோவி என்னும் இனம் மர மூஞ்சூறின் எச்சத்தையும் உரமாக்குகின்றன. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், கூட்டம் சிதறிய இடத்தில் விதை பிடிப்பது அரிது. காசியானா அழியும் நிலையில் இருக்கிறது. அதன் வணிகத்தைச் சைட்டிஸ் உடன்படிக்கை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது.

அமெரிக்காவின் சர்ரசீனியாவுக்கும் குடுவை உண்டு. ஆனால் அது வேறு குலம். உண்மையான உறவு தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. ஈர மணலிலும் நீலகிரிப் புல்வெளிகளிலும் முளைக்கும் ட்ரோசிரா, இலை மயிர்களின் பசையில் பூச்சி பிடிக்கிறது. வேலியோரக் கொடிவேலியும் அதே கிளையில் வந்ததுதான். சித்த மருத்துவம் அறிந்த இச்செடியின் வேரிலுள்ள பிளம்பாஜின் குடுவைச் செடிகளிலும் காணப்படுகிறது. கொடிவேலிப் பூவின் புல்லியில் உள்ள சுரப்பிகளில் சிற்றெறும்பு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் அதைப் பூச்சியுண்ணும் செடியாகக் கொள்வதில்லை.

தாவரவியல் குடுவைச் செடி, ட்ரோசிரா, கொடிவேலி மூன்றையும் கேரியோஃபில்லேல்ஸ் என்ற பெரும் வரிசையில் வைக்கிறது. சப்பாத்திக்கள்ளியும் தண்டுக்கீரையும் அதில் அடக்கம். சென்னையை ஒட்டிய எண்ணூர் கழிமுகத்தின் உவர்நிலத்தில் செம்மை படர வளரும் உமரியும் இதே வரிசைதான். உப்பேறிய சேற்றில் பிற செடிகள் வாடும்போது, உமரி உப்பை உள்வாங்கித் தன் தடித்த இலைச் செல்களில் ஒதுக்கி வைத்து, அதைக்கொண்டே நீரை இழுக்கிறது. வரிசையின் உறுப்பினர் பலர் இப்படி வாழத் தகாத மண்ணில் ஊன்றியவர்கள். கள்ளி வறட்சிக்கும், உமரி உப்புக்கும், குடுவைச் செடி சத்துப் பஞ்சத்துக்கும் ஈடுகொடுக்கின்றன.