எழுதப்படாத விழுக்காடு

சாலை விபத்தில் உறுப்பிழந்த ஒருவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும்போது கையெழுத்திடும் முதல் தாள் வக்காலத்து. வழக்குரைஞருக்கு அவர் வழங்கும் அதிகாரங்கள் அனைத்தும் அதில் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமும் அவற்றுள் அடங்கும். அவர் தரவேண்டிய கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் அதில் இராது. அது வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்: "பணம் வந்தால் இத்தனை விழுக்காடு, வராவிட்டால் ஒன்றும் வேண்டாம்."

இந்த வாய்ச்சொல் சட்டத்துக்குப் புறம்பானது. வழக்கின் முடிவைச் சார்ந்து கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. விபத்தில் கணவரை இழந்த பெண்ணொருவர்மீது, கட்டணத்துக்கான காசோலை திரும்பியதாக அவருடைய வழக்குரைஞரே தொடுத்த குற்றவழக்கை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் விழுக்காடு கோருவது பொதுக்கொள்கைக்கு முரணானது என்றும் உரைத்தது. விதி இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. வழக்கம் மட்டும் மாறவில்லை.

அந்த விழுக்காடு எதிலிருந்து கழிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 28 வயதான, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் தொழிலாளி ஒருவருக்கு உழைக்கும் திறனில் 40 விழுக்காடு நிலையாகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். ஆண்டுக்கு அவர் இழப்பது 72,000 ரூபாய். 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா தீர்ப்பின்படி அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. எதிர்கால வருமான உயர்வை ஒதுக்கிவைத்தால், வருமான இழப்புக்கான ஈடு 12,24,000 ரூபாய். இதில் 20 விழுக்காடு போனால் கழிவது 2,44,800 ரூபாய்; அதாவது, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்கால இழப்புக்கான ஈடு. இழப்பை ஈடுசெய்யவெனக் கணக்கிட்ட தொகையில் எவருக்கும் இலாபப் பங்கு இருக்க முடியாது.

முன்பணம் தர இயலாத ஏழைக்கு விழுக்காடுதானே ஒரே வழி என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பல ஆண்டுகள் ஊதியமின்றி வழக்கு நடத்தும் நேர்மையான வழக்குரைஞர்களும் உண்டு. ஆனால் இவ்வாதம் வெளிப்படையான ஒப்பந்தத்துக்குத்தான் பொருந்தும், மறைவான பேரத்துக்கு அன்று. அமெரிக்காவில் விழுக்காட்டுக் கட்டணம் ஏற்கப்பட்டிருந்தாலும், அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள தொழில்நெறி. இங்கோ தடையே எழுத்தை ஒழித்துவிட்டது. எழுதினால் விதிமீறல் அம்பலமாகும். ஆகவே எவரும் எழுதுவதில்லை. எழுதப்படாததைக் காட்டிக் கட்சிக்காரர் முறையிடவும் இயலாது. அவரைக் காக்க வந்த விதி, நடைமுறையில் அவரை ஊமையாக்குகிறது.

தேவை மூன்று. முதலாவது, கட்டணத்தைத் தொகையாகக் குறிக்கும் ஒப்பந்தம் வக்காலத்துடன் தீர்ப்பாயத்தில் தாக்கலாக வேண்டும். மேல்முறையீடு, நிறைவேற்று மனு, மருத்துவச் சான்றுச் செலவு ஆகியன அதில் அடங்குமா என்பதும் தெளிவாக வேண்டும். இரண்டாவது, அது கட்சிக்காரர் படித்தறியும் மொழியில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் இட்ட கையெழுத்தை இசைவு என்று கொள்ளலாகாது. மூன்றாவது, இழப்பீடு உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரே செல்ல வேண்டும்.

இவை வரும்வரை, இருக்கும் உரிமைகளேனும் மக்களைச் சென்றடைய வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். கட்டணப் பாக்கிக்காகக் கோப்புகளைப் பிடித்துவைக்க வழக்குரைஞருக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வெற்றுக் காசோலையில் கையெழுத்திட எவரும் கடமைப்பட்டவரல்லர்.

சட்டக் கல்லூரிகள் தொழில்நெறித் தாளில் இவ்விதியைக் கற்பித்துத் தேர்வும் வைக்கின்றன. தேர்வில் அதைச் சரியாக எழுதியவர்களே பின்னர் நீதிமன்ற வளாகத்தில் விழுக்காடு பேசுகிறார்கள். இதைக் கேள்வி கேட்க வேண்டிய முதல் இடம் அந்த வகுப்பறைதான்.