வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடலாமா?

 

"சேர், வெளியில எல்லாரும் டைப்ஸ்கிரிப்ட் படிக்கிறாங்க, நீங்க ஏன் இன்னும் பாஸ்கல்?" சாதாரண தரப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகளைத் தரமாக மாற்ற வேண்டும் என்று வைப்போம். நாற்பது பிள்ளைகளின் புள்ளிகள் ஓர் அணியில் வரிசையாக இருக்கின்றன. 75 எடுத்தால் ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. பாஸ்கலில் ஃபோர் லூப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுவோம். டைப்ஸ்கிரிப்டில் 'மேப்' இருக்கிறது. ஒரு புள்ளியைத் தரமாக்கும் சார்பை எழுதிக் கொடுத்தால் போதும், நாற்பது தரங்களோடு புதிய அணி வந்துவிடும். பழைய அணி அப்படியே இருக்கும்.

அழகான வேலைதான். ஆனால் குரு கங்கை பெருகி, தோட்டப் பாதையில் பஸ் ஓடாத நாளில் பரீட்சைக்கு வர முடியாமல் போன பிள்ளைக்கு என்ன தரம்? வெறும் ஜாவாஸ்கிரிப்டில் அந்த இடத்தில் 'நல்' என்று வைத்து மேப் செய்து பாருங்கள். ஒப்பிடும்போது அதைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் டபிள்யூ போட்டுவிடும். லயத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து பூச்சியம் எடுத்த பிள்ளையும், வரவே முடியாத பிள்ளையும் ஒன்றா?

டைப்ஸ்கிரிப்டில் ஸ்ட்ரிக்ட் முறையைப் போட்டு, அணியின் வகை 'எண் அல்லது நல்' என்று அறிவித்தால் கதை வேறு. எண்ணை மட்டும் ஏற்கும் சார்பை மேப்பில் கொடுத்தால், ஓடுவதற்கு முன்பே பிழை காட்டும். வராதவருக்கு என்ன போடுவது என்று நாங்கள்தான் யோசித்து எழுத வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குத்தான் பாஸ்கல் பழக்குகிறது. நிக்லாவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட அந்த மொழியில், நிறைவெண் அணிக்குள் சொல்லை வைக்கப் பார்த்தால் தொகுப்பான் விடாது. இன்னொன்று: 1983இல் வந்த டர்போ பாஸ்கலின் தொகுப்பானை எழுதிய ஆன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான், 2012இல் வந்த டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். பழசு என்று நாங்கள் ஒதுக்குவதிலிருந்துதான் அவர் புதியதற்குப் போனார்.

வகை எல்லாப் பிழையையும் பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டோம். '10' என்ற சொல்லை மூன்று முறை அணியில் வைத்து, மேப்பிடம் பார்ஸ்இன்ட் சார்பைக் கொடுங்கள். வருவது 10, அடுத்தது 'எண் அல்ல', கடைசியில் 2. டைப்ஸ்கிரிப்ட் வாயே திறக்காது. மேப் ஒவ்வொரு பெறுமானத்தோடும் அதன் இட எண்ணையும் அனுப்புகிறது. பார்ஸ்இன்ட் அதை எண்ணின் அடியாக எடுத்துக்கொள்கிறது. துவித எண் படித்த பிள்ளைக்கு அந்த 2 எப்படி வந்தது என்று உடனே விளங்கும்.

ஆகவே வெளி வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்னால், அங்கே படிப்பிப்பவரிடம் கேளுங்கள்: "வராத பிள்ளையின் புள்ளிக்கு என்ன வகை போடுவீர்கள்?" பதிலை இங்கே கீழே எழுதுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.