பழைய வைன் மருந்தாகுமா?

"மருமகன் வெளிநாட்டிலேர்ந்து ரெட் வைன் வாங்கிட்டு வந்திருக்கார் டாக்டர். பழசாக ஆக நல்லதாமே! பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா. ரத்தம் ஊறட்டும்னு தினம் ரெண்டு ஸ்பூன் தரலாமா?"

இப்படி என்னிடம் கேட்பவர்கள் பலர். உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம்.

முதலில் 'பழசு' விஷயம். ஒரு ரெட் வைன் பல வருஷம் தாங்குமா என்று கணிப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது துவர்ப்பையும் புளிப்பையும். கடுக்காயை மென்றால் நாக்கை இழுக்குமே, அதே போன்ற துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் உண்டு. துவர்ப்பு, புளிப்பு, பழச்சுவை மூன்றும் திடமாக, ஒன்றையொன்று அமுக்காமல் இருந்தால் 'இது தாங்கும்' என்பார்கள். பிரான்ஸில் போர்தோ பகுதியின் உயர்ந்த வைன்கள் இந்த ரகம். வருஷங்கள் போகப் போக முரட்டுத் துவர்ப்பு அடங்கும். நிறம் செங்கல் சாயலுக்கு மாறும். அதற்கும் இருட்டான, சுமார் 12, 13 டிகிரி குளிர்ச்சியுள்ள நிலவறை வேண்டும். நம் ஊர் வெயிலில் பீரோ மேல் வைத்தால் கெட்டுத்தான் போகும்! கடைகளில் விற்கிற பெரும்பாலான வைன்கள் சில வருஷங்களுக்குள் குடிப்பதற்கென்றே தயாரானவை.

இத்தனை பரீட்சையும் ருசிக்காகத்தான். ஆரோக்கியத்துக்காக அல்ல. எத்தனை வருஷம் வைத்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். அது தாயின் ரத்தம் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

துவர்ப்புக்கு சித்த மருத்துவத்தில் மதிப்பு உண்டு; ஆனால், பாட்டிலில் வரும் சாராயத்துக்கு நான் சீட்டு எழுத மாட்டேன். பெண்ணுக்கு ரத்தம் குறைவா? முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். கூடவே முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் சேருங்கள்.

அந்த பாட்டில்? பேசாமல் மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!