18 வயசோட ஸ்கூல் முடிஞ்சிடுது... அப்புறம்? சிறப்புப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் கேட்கும் கேள்வி

சட்டைக்குப் பட்டன் போட நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேசிக்கிட்டே, ஃபோனைப் பார்த்துக்கிட்டே போட்டு முடிச்சிடுவோம். அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்கு அது ஒரு பாடம். சில நேரம் ஒரு வருஷப் பாடம்.

சிறப்பு ஆசிரியர் அந்த வேலையைத் துண்டு துண்டாக உடைக்கிறார். பட்டனை விரலால் பிடிப்பது, அதற்கு நேரான ஓட்டையைத் தேடுவது, பாதி நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது. பல நேரங்களில் கடைசிப் படியில் இருந்துதான் தொடங்குவார்கள். முதல் மூன்றையும் டீச்சரே செய்துவிடுவார், கடைசியாக இழுப்பது மட்டும் குழந்தையின் வேலை. "நான்தான் போட்டேன்" என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் போவார்கள்.

இப்படி பத்து, பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்த பாடங்கள் 18-வது பிறந்தநாளுக்கு அப்புறம் எங்கே போகின்றன? சிறப்புப் பள்ளி வாசலில் நிற்கிற பெற்றோரிடம் பேசினால், மற்ற எல்லாக் கேள்விகளையும் தாண்டி இதுதான் முதலில் வரும்.

அங்கே அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

சிறப்புப் பள்ளி என்றாலே பாட்டு, விளையாட்டு, கலர் அடிப்பது என்று நினைப்பவர்கள் நிறைய பேர். உள்ளே நடப்பது கணக்கு வைத்து நடக்கிற படிப்பு. ஒரே வகுப்பில் எட்டு பேர் இருந்தால் எட்டு பேருக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். இதைத் தனிநபர் கல்வித் திட்டம் என்கிறார்கள்.

இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. சென்னையில் இருந்த விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற அமைப்பில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மதிப்பீட்டு முறையின் பெயரே 'மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை'. 18 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 20 திறன்கள், மொத்தம் 360. நடப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, பேசுவது, பணம், நேரம், வீட்டு வேலை என்று எளிதானதில் தொடங்கி கடினமானது வரை வரிசையாக இருக்கும். குழந்தை எந்தெந்தத் திறனில் நிற்கிறது என்று குறித்து, அதற்கு அடுத்த படியை இந்த வருஷ இலக்காக வைப்பார்கள். இந்தியா முழுக்கச் சிறப்பு ஆசிரியர் பயிற்சியில் இந்தப் பெயரைக் கேட்கலாம்.

செகந்திராபாத்தில் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனம் இன்னொரு பட்டியலைத் தயாரித்திருக்கிறது. அதில் ஒரு நிலைக்கான திறன்களில் 80 சதவீதம் வந்தால்தான் அடுத்த நிலை. பரீட்சை கிடையாது, ரேங்க் கிடையாது. போன வருஷம் செய்ய முடியாததை இந்த வருஷம் செய்கிறானா, அவ்வளவுதான்.

கணக்குப் பாடம் என்றால் வகுத்தல், பெருக்கல் இல்லை. 20 ரூபாய் நோட்டோடு பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவது. தமிழ்ப் பாடம் என்றால் பஸ் போர்டு படிப்பது, 'ஆண்கள்', 'பெண்கள்' என்ற எழுத்தை அடையாளம் காண்பது, தொலைந்துபோனால் அம்மாவின் ஃபோன் நம்பர் சொல்வது. நம்ம ஸ்கூல்களில் படித்ததில் எத்தனை இன்றைக்கு உபயோகப்படுகிறது என்று யோசித்தால், யார் சிலபஸ் உருப்படியானது என்ற சந்தேகம் கூட வரும்.

சாதாரண ஸ்கூல்ல சேர்க்கக் கூடாதா?

சேர்க்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். லேசான குறைபாடு உள்ள பல குழந்தைகள் சாதாரணப் பள்ளியில் நன்றாகவே படிக்கிறார்கள்.

சிக்கல் ஆசிரியர் எண்ணிக்கையில். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் இந்த விகிதத்தைப் பேசியது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மூளை முடக்குவாதம் என்றால் 8 பேருக்கு ஒருவர், பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் 2 பேருக்கு ஒருவர் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. அடுத்த வருஷம் மத்திய அரசு சாதாரணப் பள்ளிகளுக்கு அறிவித்தது தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். அதற்கான பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால்தான் கொஞ்சம் அதிக உதவி தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோர், ரெண்டு பஸ் மாறியாவது சிறப்புப் பள்ளிக்கே வருகிறார்கள்.

18-ல் என்ன நடக்குது?

மேலே சொன்ன சட்டத்தில் '18 வயது வரை' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? அங்கேதான் கதை திரும்புகிறது.

மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு வகுப்பில் முடிகிறது. பன்னிரண்டாவது முடித்தால் காலேஜ், இல்லாவிட்டால் ஐடிஐ, இல்லாவிட்டால் ஒரு வேலை. சிறப்புப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வயதில் முடிகிறது. அவன் 360-ல் 200-ல் நின்றாலும் சரி, 300-ல் நின்றாலும் சரி, காலண்டர் ஒன்றுதான். கற்றுக் கொடுப்பது திறனைப் பார்த்து, வெளியே அனுப்புவது வயதைப் பார்த்து. இந்த முரண்பாட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

"தொழிற்பயிற்சிப் பிரிவு இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. பல சிறப்புப் பள்ளிகள் காகிதக் கவர், மெழுகுவர்த்தி, பினாயில், மிதியடி, ஸ்கிரீன் பிரின்டிங் என்று ஒரு கூடம் நடத்துகின்றன. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தமிழக அரசும் நடத்துகிறது. ஆனா இங்கே ஒரு எளிய கணக்கு இடிக்கிறது. பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் சிலர் வெளியேறுவதால் புதியவர்களுக்கு இடம் காலியாகும். தொழிற்கூடத்தில் இருந்து வெளியே போய்ச் சேர இடம் இல்லாததால் யாரும் வெளியேறுவதில்லை. 19 வயதில் உள்ளே வந்தவர் 40 வயதிலும் அதே மேஜையில் கவர் ஒட்டிக்கொண்டிருப்பார். அப்போ புதுசா 18 ஆனவர் எங்கே போவார்? வீட்டுக்கு.

வீட்டில் உட்கார்ந்தா என்ன ஆகும்?

இதுதான் வெளியே தெரியாத பகுதி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் கற்ற திறன் தினமும் செய்தால்தான் தங்கும். பள்ளிக்குப் போகும்வரை காலை 7 மணிக்கு எழுந்து, தானே பல் தேய்த்து, பையை எடுத்துக்கொண்டு வேனுக்கு நின்றவர், வீட்டோடு இருந்தால் அந்த வரிசை முதலில் குலையும். அம்மாவுக்கு நேரமில்லை, அதனால் பட்டனை அம்மாவே போட்டுவிடுவார். நடமாட்டம் குறையும், எடை கூடும், நண்பர்கள் இல்லாத எரிச்சல் கோபமாக வெளிவரும். அதைப் பார்த்து "இவனுக்கு முத்திடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். முத்தியது ஒன்றுமில்லை, அவருடைய நாள் காலியாகிவிட்டது.

கூடவே இன்னொருவரின் நாளும் போகிறது. பெரும்பாலும் அது அம்மா. பிள்ளை பள்ளியில் இருந்த ஆறு மணி நேரம்தான் அவர் வேலைக்குப் போக, கடைக்குப் போக, கொஞ்சம் படுக்கக் கிடைத்த நேரம். தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயில் இருந்து 2023 ஜனவரியில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 67 ரூபாய் வரும். பல வீடுகளுக்கு அது மருந்துக்கு உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனா வேலையை விட்ட ஒரு அம்மாவின் சம்பளத்தை அது ஈடுகட்டாது.

வேலை கிடைக்குமா?

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு. அதில் 1 சதவீதம்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து. எழுத்துத் தேர்வு, கல்வித் தகுதி என்று வரும்போது அறிவுசார் குறைபாடு உள்ளவர் அந்த வரிசையில் கடைசியில் நிற்பார். காகிதத்தில் உள்ள இந்த உரிமையை நம்பித் திட்டம் போடுவது சரிவராது என்பதே என் கருத்து.

தனியார் பக்கம் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. கர்நாடகத்தில் ஹூப்ளியில் தொடங்கிய மிட்டி கஃபே, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் உணவகம். 2023 நவம்பரில் அதன் கிளை உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்பவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உண்டு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் சரியாகச் செய்வது இவர்களில் பலருக்கு இருக்கும் பலம். ஹோட்டல், சூப்பர் மார்க்கெட், பேக்கிங் என்று அந்தப் பலம் பொருந்தும் இடங்கள் நம்ம ஊரிலும் குறைவில்லை. முதல் சில மாதம் பக்கத்திலேயே நின்று பழக்க ஒரு பயிற்சியாளர் வேண்டும். அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதில்தான் நிற்கிறது. மெழுகுவர்த்தி செய்யப் பழக்குவது சுலபம், வாங்க ஆள் தேடுவதுதான் கஷ்டம் என்று தொழிற்கூடம் நடத்துபவர்களுக்கே தெரியும்.

கையெழுத்து யார் போடுறது?

18 வந்தவுடன் பெற்றோர் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வங்கியில் வரும். சட்டப்படி பிள்ளை இப்போ மேஜர். அதுவரை அப்பா கையெழுத்தில் ஓடிய கணக்கு அப்படியே ஓடாது. "நான்தானே அப்பா?" என்றால், "சரி சார், கார்டியன் சர்டிபிகேட் இருக்கா?" என்பார்கள்.

இதற்கு வழி 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் குழு ஒன்று இருக்கும். தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் சட்டப்பூர்வ பாதுகாவலரை அந்தக் குழு நியமிக்கும். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. இந்தச் சான்றிதழை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சொத்து இருந்தால் பொறுப்பும் சேர்ந்தே வரும்: ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு.

இதில் ஒரு விவாதமும் உண்டு. எல்லா முடிவையும் பாதுகாவலரிடம் கொடுத்துவிட்டால், அந்த 18 வயசுக்காரரின் விருப்பம் என்ன ஆவது? 2016 சட்டம் அதனால்தான் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்கிறது. இருவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும், குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கடையில் தனக்குப் பிடித்த பிஸ்கட்டை எடுக்கப் பத்து வருஷம் பழகிய ஒருவரிடம், இனிமேல் உனக்கு எதுவும் தெரியாது என்று சட்டம் சொல்லக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

அப்போ எப்போ ஆரம்பிக்கணும்?

17 வயதில் யோசித்தால் லேட். 14-லேயே தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது. அந்த வயதில் பள்ளியில் நடக்கும் கூட்டத்தில் பெற்றோர் கேட்க வேண்டியது, "இன்னும் எவ்வளவு படிப்பான்?" என்பதல்ல, "18-ல் இவன் எந்த இடத்துக்குப் போவான், அதுக்கு இப்போ என்ன பழக்கணும்?" என்பது. பஸ்ஸில் தனியாகப் போவதா, மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் வேலை செய்வதா, மாதவிடாய் நாட்களைத் தானே சமாளிப்பதா, தொடக் கூடாத இடத்தில் யாராவது தொட்டால் கத்துவதா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டியல் மாறும்.

கொஞ்சம் படிக்க வருகிற பிள்ளை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் இருந்து பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து வருஷத்தில் ஒன்பது வாய்ப்புகள். ஒரே நேரத்தில் எல்லாப் பாடமும் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை.

காகித வேலைகளில் முதலாவது, மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், பிசியோதெரபி போன்ற சிகிச்சைகளும் அதில் அடக்கம். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போதே, உள்ளூர் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாவலர் விண்ணப்பத்தை 18 முடிந்த பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள், ஆனா தேவையான ஆவணங்களை முன்பே சேர்த்து வைக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.