வெள்ளைத்தாளில் கல்யாணம் முடியாது



“அவங்களுக்குத்தான் எப்பவோ தீர்த்து விட்டாச்சே!”

நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் உண்டா? புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் என்றாகி ஐந்தாறு வருடம் போயிருக்கும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். தோட்டத் தலைவர் நடுவில் இருந்திருப்பார். ஒரு வெள்ளைத்தாளில், “இனி ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிட மாட்டோம்” என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சில வேளை பொலிஸிலும் ஒரு பதிவு இருக்கும். அந்தத் தாளை மடித்துத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடுகிறோம்.

முடியவில்லை. ஒரு கல்யாணத்தை முடித்து வைக்கும் அதிகாரம் அந்தத் தாளுக்கு இல்லை. தலைவருக்கும் இல்லை, பொலிஸுக்கும் இல்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நமக்குரிய சட்டம். கணவனும் மனைவியும் உயிரோடு இருக்கும்போது, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் கல்யாணம் கலையாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. பதிவு செய்யாமல் கோயிலில் முறைப்படி தாலி கட்டிய கல்யாணமும் சட்டப்படி செல்லுபடியாகும். அதனால் “நாங்க எழுதவே இல்லையே” என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

இந்த மாதம் இதைப் பற்றி எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். குடும்பங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் விரும்புகிறோம். ஆனால் உடைந்துபோன வீட்டில் இருப்பவர்களுக்கும் சரியான தகவல் வேண்டும், இல்லையா?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டு சீரியல்களில் கணவனும் மனைவியும் ‘மியூச்சுவல்’ என்று மனுப் போடுவதைப் பார்க்கிறோம். அது அங்கே 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட வசதி. அந்தச் சட்டம் இலங்கையில் நமக்கு இல்லை. இங்கேயும் கண்டியச் சட்டப்படி கல்யாணம் செய்த சிங்களக் குடும்பத்துக்கு அப்படி ஒரு வழி உண்டு. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டப்படி, இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே முடித்துக்கொள்ளலாம். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. ஒரே டவுனில், ஒரே மழையில் நனைகிற மக்களுக்கு மூன்று விதமான வழி!

நமக்கு உள்ளது மாவட்ட நீதிமன்றம் மட்டுமே. அங்கேயும் “ஒத்துவரவில்லை” என்று சொன்னால் போதாது. சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்று. கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு தகாத உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, கல்யாணம் நடக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. இவற்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்.

கைவிடுவது என்றால் வீட்டைவிட்டு ஓடிப்போவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு வந்து அடித்து, வாழவே முடியாமல் செய்து மனைவியை வெளியேற வைத்தால், கைவிட்டவன் அவன்தான். நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொள்கின்றன. “நீதானே வீட்டை விட்டுப் போனாய்” என்று பழி சுமக்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா முடிஞ்சிரும்” என்றும் ஒரு பேச்சு உண்டு. தானாக எதுவும் முடியாது. ஏழு வருடப் பிரிவை வைத்து நீதிமன்றத்தில் கேட்கலாம். அப்போதும் தப்பு யார் பக்கம் என்ற கேள்வி வரும்.

சரி, வழக்கு எப்படிப் போகும்? வழக்குப் போடுகிறவர் தான் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். கணவன் கொழும்பில் கடையில் வேலை செய்தாலும், டிக்கோயாவில் இருக்கும் மனைவி கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, ஹட்டனுக்குப் போனால் போதும். கல்யாணப் பதிவுச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். பதிவுச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுக்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு எழுத்து என்று இருப்பது நம்மவர்களுக்குப் பழகிப்போன தலைவலி. அதை முதல் நாளே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். நடுவழியில் தெரிய வந்தால் ஒரு தவணை வீணாகும்.

பிறகு மற்றவருக்கு அழைப்பாணை போய்ச் சேர வேண்டும். பல வழக்குகள் இங்கேதான் நொண்டுகின்றன. ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. கொழும்பு என்பார்கள், கட்டார் என்பார்கள். கையில் கொடுக்க முடியாதபோது வேறு வழியில் அறிவிக்க நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். மற்றவர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரிப்பார்கள். அப்போதும் வழக்காளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்து வழக்காடினால் வருடக் கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று. நம் மாவட்டத்து நீதிமன்றங்களில் சிங்களத்தில் வேலை நடக்கிறது என்பதால் பலர் வாசலோடு பயந்து திரும்புகிறார்கள். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்கள் பக்கம் நிற்கிறது. மனுவைத் தமிழில் கொடுக்கலாம், தமிழில் பேசலாம். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பு கேட்கலாம், அதை அரசு தர வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. எவ்வளவு செலவாகும்?

சட்டத்தரணியின் கட்டணம் ஆளுக்கு ஆள், வழக்குக்கு வழக்கு மாறும். மொத்தமாகவா, தவணைக்கு இவ்வளவா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். எதற்கும் ரசீது வாங்குங்கள். ஆனால் நம் வீடுகளை அசைக்கிற செலவு வேறு ஒன்று. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவை வைத்தே கணக்குப் பார்ப்போம். கோர்ட்டுக்குப் போகிற நாளில் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. வருடத்தில் 12 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள், 16,200 ரூபா சம்பளம் போய்விடும். துணைக்கு அம்மாவோ தங்கையோ வந்தால் இரண்டு பேருக்கு 32,400 ரூபா. பஸ் காசு, மேல் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஓட்டோக் காசு, சாப்பாடு எல்லாம் அதற்கு மேலே. காலையில் போய் உட்கார்ந்தால், பகலில் “அடுத்த தவணை” என்று ஒரு திகதி சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு நாள் கொழுந்துக் காசு போயிருக்கும்.

இதனால்தான் பல பெண்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வழிகள் இருக்கின்றன. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை அமர்த்தித் தருகிறது. சம்பளச் சீட்டையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் விசாரியுங்கள். வழக்கு நடக்கும் காலத்துக்கான வாழ்க்கைச் செலவையும் வழக்குச் செலவையும் கணவனிடமிருந்து பெற்றுத் தருமாறு மாவட்ட நீதிமன்றத்திடமே மனைவி கேட்கலாம்.

பிள்ளைகளின் சாப்பாடு விவாகரத்து முடியும்வரை காத்திருக்க முடியுமா? காத்திருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். அதற்கு விவாகரத்து தேவையில்லை. வசதி இருந்தும் கவனிக்காத தகப்பனின் சம்பளத்திலிருந்தே பணத்தைப் பிடித்துத் தரச் சொல்லவும் நீதவானால் முடியும். அடி, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும்.

இனிச் சொல்லப்போவதை வாசிக்கும்போது மட்டும் ஒரு நிமிடம் எல்லா வேலையையும் வைத்துவிடுங்கள்.

நீதிபதி விவாகரத்துக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறுகிறோம். முடிந்ததா? இன்னும் இல்லை. அன்று கிடைப்பது முதல் தீர்ப்பாணை. சட்டத்தரணிகள் ‘டிக்ரி நைசை’ என்பார்கள். அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும். யாரும் தக்க காரணம் காட்டித் தடுக்காவிட்டால், அது ‘அப்சலூட்’ ஆக்கப்படும். அதுதான் கடைசித் தீர்ப்பாணை, அன்றுதான் கல்யாணம் கலைகிறது. இந்தச் சொற்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 2022இல் அவர்கள் புதிய வழக்குகளுக்கு அவற்றைக் கைவிட்டு எளிய சொற்களுக்கு மாறிவிட்டார்கள். நம் கோர்ட்டில் இன்னும் அதே பழைய சொற்கள்தான். புரியாமல் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இந்த இடைவெளியில் மறுகல்யாணம் செய்தால் அது செல்லாது. குற்றமும் ஆகும். கணவனோ மனைவியோ இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் தண்டனைச் சட்டக் கோவைப்படி ஏழு வருடம்வரை சிறை கிடைக்கலாம். வெள்ளைத்தாளை நம்பிக் கல்யாணம் செய்தவருக்கும் அதே கதிதான்.

சிறைக்குப் போகாவிட்டாலும் விலை கொடுக்கத்தான் வேண்டும். வேறொருவரோடு வாழ்ந்து ஒரு பிள்ளை பிறந்தால், சட்டம் முதல் கணவனையே தகப்பனாக எண்ணும். அதை மறுத்து நிரூபிப்பது லேசான வேலை இல்லை. பிறப்புச் சான்றிதழில் தொடங்கும் சிக்கல் பள்ளிக்கூடம், அடையாள அட்டை என்று அந்தப் பிள்ளையின் பின்னாலேயே வரும். மனைவியைப் பிரிந்து இன்னொருத்தியோடு வாழ்ந்தவர் உயில் எழுதாமல் செத்துப்போனாலோ, பத்து வருடம் கூட இருந்து சோறு போட்டவளை விட்டுவிட்டு, எப்போதோ பிரிந்துபோன மனைவிக்குத்தான் சொத்தில் பாதி என்று சட்டம் சொல்லும். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், நமக்கு என்ன சொத்து இருக்கிறது என்று கேட்கலாம். முப்பது வருடம் மலை ஏறி இறங்கியவரின் ஈபிஎப் காசு இருக்கிறதே! அதில் யாருடைய பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்மதத்தோடு பிரிகிற இருவர், கோர்ட்டில் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால்தான் விடுதலை என்ற நிலை மாற வேண்டும். கண்டியச் சட்டம் 1952இலேயே தந்த வசதியை, அதே மலைநாட்டில் வாழும் நமக்கும் தந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் பிரதிநிதிகள் ஓட்டுக் கேட்டு வரும்போது ரோட்டையும் கூரைத்தகரத்தையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

தோட்டத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பேசிச் சமாதானம் செய்வது நல்ல காரியம், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் தாளில் கையெழுத்து வாங்கும் அன்றே, “இதோடு முடியவில்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டும்” என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் லயத்திலும் இப்படிக் கோர்ட்டுக்கு அலைகிற ஒருத்தி இருப்பாள். தவணை நாளில் அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு வாய் சோறு போடுங்கள். ஹட்டனுக்குத் துணையாகப் போய் வாருங்கள். “எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா” என்று அவள் வந்து சொல்லும்போது சந்தோஷப்படுங்கள். அப்படியே, “அப்சலூட் பேப்பரை எடுத்தாச்சா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்