பார்லர் பாட்டிலா, சர ஷாம்புவா?



பார்லர்களுக்கென்றே வரும் ஷாம்பு பாட்டில்களை நாமும் வாங்கி அடுக்கலாமா என்று மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அந்தச் சரக்கு விளம்பரத்தால் விற்பதல்ல. தலையைத் தொட்டுப் பார்த்து, "உங்கள் முடிக்கு இதுதான்" என்று பார்லர்காரர் சொல்லும் சொல்லுக்காக விற்பது. அதையே நம் கடைப் பையன் சொன்னால் யார் கேட்பார்கள்? சிரிப்பார்கள்! நேர் ஏஜென்ட் பார்லருக்குத்தான் தருவார். நமக்குச் சுற்றுவழியில் வந்த பாட்டில் தேதி முடிந்தால் திருப்பி எடுக்க ஆளில்லை. முதல் முடங்கும்.

நம் பலம் சரத்தில் இருக்கிறது. நம் கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் ரூ.15,000 முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாக்கெட் ஷாம்பு அவர் தந்தை சின்னிகிருஷ்ணன் காட்டிய வழி. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். சரக்கு சில்லறைக் கடைகளில் பறந்தது. பின்னாளில் கெவின்கேர் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனமே கிரீன் டிரெண்ட்ஸ் சலூன்களையும் தொடங்கியது. ஆனால் சலூன் தனி, மளிகைக்கான சரம் தனி என்றே வைத்தது.

தெரிந்த வாடிக்கையாளர் முன்பணத்தோடு கேட்டால் ஒரு பாட்டில் பில்லோடு வரவழைத்துக் கொடுங்கள். அலமாரியில் அடுக்காதீர்கள்.